வெள்ளவத்தை மாடிக் கடையும் அதன் சிபாரிசுக் கொப்பியும்

கொழும்பில் பழைய படங்களையும் பிறநாட்டுப் படங்களையும் பார்க்க விரும்புகிறவருக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. கொழும்பு 7இல் உள்ள அலியான்ஸ் பிரான்சேயும் ஜேர்மனியின் கோதே நிறுவனமும் தத்தம் மொழிப் படங்களைத் திரையிட்டு வந்திருக்கின்றன. பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி மண்டபத்திலும் அவ்வப்போது நல்ல படங்கள் ஓடுவதுண்டு. ஆனால், அங்கெல்லாம் அவர்கள் போடுகிற நாளில் அவர்கள் போடுகிற படத்தைத்தான் பார்க்கலாம். இணையவழிச் சேவைகளின் நிலையும் பெரிதாக வேறில்லை. பழைய படங்களுக்கென்றே 2019இல் தொடங்கப்பட்ட கிரைட்டீரியன் சனல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே கிடைக்கிறது. இங்கே பலர் மாதச் சந்தா கட்டிவரும் பெரிய சேவைகளில் 1960க்கு முந்திய ஜப்பானியப் படமொன்றைத் தேடுகிறவர் பெரும்பாலும் வெறுங்கையுடன்தான் எழுந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை ஓரளவுக்கு நிரப்பும் கடை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், தையற்கடை ஒன்றின் மேல்மாடியில் இது இயங்குகிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாடிக்கையாளர்கள் "மாடிக் கடை" என்கிறார்கள், அவ்வளவுதான். படிக்கட்டு செங்குத்தானது, கைபிடி ஒரு பக்கம் மட்டுமே உண்டு, மேலே ஏறினால் ஒரேயொரு மின்விசிறி. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயிருந்து தொலைபேசியில் அழைத்தால் உதவிக்கு நிற்கும் பையன் கேட்ட படத்தைக் கொண்டுவந்து கொடுப்பான். கடை படங்களை விற்பதில்லை, பிரதி எடுத்துக் கொடுப்பதுமில்லை. வாடகைக்கு மட்டும் கொடுக்கிறது. 3,000 ரூபாய் வைப்புப் பணமும் அடையாள அட்டையின் நகலும் கொடுத்து அங்கத்தவராகலாம். வாரமொன்றுக்கு ஓர் இறுவட்டுக்கு 200 ரூபாய் அறவிடுகிறார்கள். தாமதக் கட்டணத்தில் தயவு தாட்சண்யம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அலுமாரிகளில் இருப்பவை எல்லாம் அசல் இறுவட்டுகள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் உறவினர்களும் பழைய வாடிக்கையாளர்களும் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பயணப்பெட்டியின் ஓரத்தில் செருகிக் கொண்டுவந்தவை அவை. இந்தச் சேகரிப்பின் பலமும் பலவீனமும் இந்த வரலாற்றிலிருந்தே வருகின்றன. ஒருவர் திட்டமிட்டு வாங்கிச் சேர்த்த நூலகமாக இது இல்லாமையால், சில இடங்களில் வியக்கத்தக்க ஆழமும் சில இடங்களில் வெறும் பள்ளமும் தென்படுகின்றன. ஜப்பானிய இயக்குநர் ஒசுவின் படங்களை வரிசையாகப் பார்க்கக்கூடிய அதே கடையில் செனகல் நாட்டுப் படமொன்றைக் கேட்டால், அப்படி ஒரு நாடும் படம் எடுக்கிறதா என்ற பார்வைதான் அந்தப் பையனிடமிருந்து கிடைக்கும்.

ஆனாலும் இந்தக் கடைக்குப் போவதற்கான காரணம் அலுமாரிகள் அல்ல. வாசலுக்கு அருகே உள்ள மேசையில், சிவப்பு மட்டை போட்ட தடித்த கணக்குக் கொப்பி ஒன்று திறந்தபடி கிடக்கிறது. உரிமையாளர் ஓய்வுபெற்ற கணக்காளர் என்பதை அதைப் பார்த்தவுடனேயே ஊகித்துவிடலாம். ஒவ்வொரு பக்கமும் அடிமட்டம் வைத்து நான்கு நிரல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் நிரலில் படத்தின் பெயரும் ஆண்டும். இரண்டாவதில், யார் பார்க்க வேண்டும். மூன்றாவதில், யாருக்கு வேண்டாம். நான்காவதில், இதைப் பார்த்தவர் அடுத்து எதைப் பார்க்கலாம். படத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர் விரும்பினால் எழுதலாம், ஆனால் எழுதினால் நான்கு நிரல்களையும் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். நட்சத்திரமோ புள்ளியோ போடுவதற்கு அனுமதி இல்லை. வாழ்நாள் முழுவதும் எண்களோடு மாரடித்த மனிதர் படத்துக்கு எண் போடுவதை மட்டும் ஒப்புக்கொள்வதேயில்லை.

படப் பித்தர்கள் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்யும் இடங்களை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "கட்டாயம் பார்க்க வேண்டிய படம்" என்ற வாக்கியத்தைப் போல் பயனற்ற வாக்கியம் வேறில்லை. யார் பார்க்க வேண்டும், எந்த மனநிலையில் பார்க்க வேண்டும், எதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பிடிக்கும் என்ற எதுவும் அதில் கிடையாது. சொல்கிறவரின் ரசனையைப் பறைசாற்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மாடிக் கடையின் மூன்றாவது நிரல் இந்தப் பெருமையடிப்பை ஒரே போடாகப் போட்டுவிடுகிறது, ஏனெனில் தான் நேசிக்கும் படம் யாருக்கு ஒத்துவராது என்று எழுதுவதற்கு அந்தப் படத்தை மட்டுமல்லாமல் பக்கத்தில் நிற்கும் மனிதரையும் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, யசுஜிரோ ஒசு 1953இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'க்கு எதிரே மூன்றாவது நிரலில் யாரோ எழுதியிருப்பது இது: "பிள்ளைகள் கனடாவிலும் தாங்கள் வெள்ளவத்தையிலுமாக இருக்கும் பெற்றோர், தனியாக இருக்கும்போது வேண்டாம்." ஒனொமிச்சி என்னும் சிறு பட்டினத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கத் தலைநகருக்கு வரும் முதிய தம்பதியருக்கு யாராலும் நேரம் ஒதுக்க முடியாமற் போவதும், போரில் இறந்த மகனின் மனைவி மட்டும் அவர்களைத் தாங்குவதுமான அந்தக் கதையை இதைவிடச் சுருக்கமாக இந்த ஊர்க்காரருக்கு அறிமுகப்படுத்த முடியுமா என்று தெரியவில்லை. அதற்குக் கீழே, சற்று நடுங்கிய கையெழுத்தில் இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். பிள்ளைகளுக்குத்தான் அனுப்ப வேண்டும்." நான்காவது நிரலில் லியோ மக்கேரியின் 'மேக் வே ஃபோர் டுமாரோ' என்ற 1937ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டை வங்கியிடம் இழந்த வயோதிபத் தம்பதியரைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்ளும் கதை அது. ஒசுவுடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடாவுக்கு அந்த அமெரிக்கப் படமே தூண்டுதலாக இருந்தது என்பதைப் படவரலாற்று நூல்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள். புரட்டாதவர்களை இந்தக் கொப்பி ஒரு வரியில் அங்கே கொண்டுபோய் விடுகிறது.

குரோசாவாவின் 'இக்கிரு' 1952இல் வந்தது. முப்பது ஆண்டுகளாக மாநகர சபையில் கோப்புகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த பிரிவுத் தலைவர் ஒருவர், தனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிந்த பின்னர், குப்பைநீர் தேங்கிய நிலமொன்றைச் சிறுவர் பூங்காவாக மாற்றுவதற்காக அதே சபையின் ஒவ்வொரு மேசையின் முன்பும் போய்த் தலைகுனிந்து நிற்கிறார். அந்த நிலத்தைச் சீர்செய்யக் கேட்டு வரும் தாய்மாரைப் பிரிவு பிரிவாக அலைய விடும் தொடக்கக் காட்சியை நினைத்தோ என்னவோ, "கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ ஒரு கடிதத்துக்காக நடந்தவர்கள் எல்லாரும்" என்று இரண்டாவது நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவதில், "வீட்டில் யாருக்காவது பரிசோதனை அறிக்கை வரவிருந்தால் இப்போதைக்கு வேண்டாம்." நாயகன் படத்தின் இறுதிக்கு வெகு முன்னரே இறந்துபோகிறார், மிச்சப் படம் செத்தவீட்டில் சக உத்தியோகத்தர்கள் குடித்துக்கொண்டு அவரைப் பற்றி வாதாடுவதாக நகர்கிறது, அதை மனதில் கொண்டு ஒருவர், "ஆள் செத்தவுடன் படம் முடிந்ததென்று நிறுத்திவிட வேண்டாம், செத்தவீட்டில்தான் படமே இருக்கிறது" என்று ஓரத்தில் சேர்த்திருக்கிறார். நான்காவது நிரலில் 2022இல் வந்த ஆங்கில மறுவாக்கமான 'லிவிங்' உள்ளது. கசுவோ இஷிகுரோ திரைக்கதை எழுதிய அந்தப் படம் கண்ணியமான படந்தான். ஆனால் மூலத்தைப் பார்க்குமுன் அதைப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாப் பக்கங்களும் இப்படி மென்மையாக இருப்பதில்லை. ஷான்டால் அக்கர்மன் 1975இல் எடுத்த 'ழான் டீல்மான்' படத்துக்கு எதிரே, "மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு பெண் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். பொறுமை உள்ளவர்களுக்கு" என்று ஓர் அங்கத்தவர் எழுத, அதற்கு நேர் கீழே வேறொரு கையெழுத்து, "வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது" என்று பதில் சொல்கிறது. 201 நிமிடங்கள் ஓடும் அந்தப் படம், பிரித்தானியாவின் 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகை 2022இல் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. கொப்பியில் அந்தத் தகவலைக் காணவில்லை. அங்கே உருளைக்கிழங்கு உரிக்கும் காட்சியைப் பற்றித்தான் சண்டை நடக்கிறது; என்னளவில் அதுவே கூடுதல் பயனுள்ள விமர்சனம்.

நான் அதிக நேரம் நின்று வாசித்த பக்கம் ஜில்லோ பொன்டெகோர்வோவின் 'த பட்டில் ஒஃப் அல்ஜியர்ஸ்' படத்துக்குரியது. அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தை அந்த நகரத் தெருக்களிலேயே, பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் அல்லாதோரைக் கொண்டு, செய்திப்படமோ என்று மயங்கும் விதமாக 1966இல் எடுத்த படம் அது. மூன்று பெண்கள் தோற்றத்தை மாற்றிக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து ஐரோப்பியர் பகுதிக்குள் குண்டுகளைக் கொண்டுசெல்கிறார்கள். பையை வைத்துவிட்டு எழும் முன் ஒருத்தி சுற்றியிருப்போரைப் பார்க்கிறாள். கமரா அந்த முகங்களில் ஒவ்வொன்றாகத் தங்குகிறது, ஐஸ்கிரீம் சாப்பிடும் ஒரு சிறு குழந்தையின் முகம் உட்பட. கொழும்பில் வாழ்ந்த தமிழர்கள் இந்தக் காட்சியை எந்த இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது? "சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நின்றவர்களுக்கு வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "நின்றவர்கள்தான் பார்க்க வேண்டும்" என்று மற்றொருவர். மூன்றாமவர், "பஸ்ஸில் குண்டு வெடித்து ஆளை இழந்தவர்கள் இரண்டு தரம் யோசிக்கவும்" என்று எழுதி, அடுத்துப் பார்க்க வேண்டிய படத்தின் நிரலை வெறுமையாக விட்டிருக்கிறார். கொப்பியின் சட்டப்படி அது குற்றம். உரிமையாளர் அதில் கைவைக்கவில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் செய்வது போலப் பென்சிலால் திகதி மட்டும் போட்டிருக்கிறார்.

கடையின் மற்றொரு சேவை, எண்ணம் நல்லது, நிறைவேற்றம் சுமார். ஏறக்குறைய எல்லா இறுவட்டுகளிலும் ஆங்கில உபதலைப்புகளே உள்ளன. தமிழ் உபதலைப்பு என்பது கனவு. ஆங்கிலத்தை வேகமாக வாசிக்க முடியாத மூத்தவர்களுக்காக, அரைப்பக்கத் தமிழ்க் கதைச்சுருக்கம் ஒன்றை ஒவ்வோர் உறைக்குள்ளும் மடித்து வைக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. ஆனால் எழுதுகிற அன்பர்களுக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிவதில்லை. குளுசோவின் 'லே டியபொலீக்' (1955) தன் முடிவில், நண்பர்களுக்குக் கதையைச் சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்ளும் படம். அதன் உறைக்குள் இருந்த அரைப்பக்கம், குளியல் தொட்டியிலிருந்து தொடங்கி முடிவு வரை அத்தனையையும் ஒப்புவித்துவிடுகிறது. ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்கள் அந்தத் தாள்களைப் படம் முடியும்வரை திறக்காமலிருப்பது நல்லது.

தொழில்நுட்ப விடயங்களில் புதிதாகச் சேர்கிறவர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். டிவிடிகளுக்கு உலகம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: கனடாவிலிருந்து வருபவை முதலாம் வலயம், பிரித்தானியாவிலும் பிரான்ஸிலுமிருந்து வருபவை இரண்டாம் வலயம், இலங்கை உள்ளிட்ட தென்னாசியாவோ ஐந்தாம் வலயம். புளூ ரேக்கு ஏ, பி, சி என்று மூன்றே வலயங்கள்; அதிலும் ரொறன்ரோ ஒன்று, லண்டன் ஒன்று, நாம் ஒன்று. ஆக, இந்தக் கடையில் இருக்கும் நல்ல இறுவட்டுகளில் பெரும்பாலானவை நம் வீட்டு இயந்திரத்தில் ஓடாமல் இருப்பதற்காகவே தயாரிக்கப்பட்டவை. எல்லா வலயங்களையும் ஏற்கும் பிளேயர் வீட்டில் இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாவிட்டால் வைப்புப் பணம் கட்டுவதற்கு முன்னரே உங்கள் பிளேயரின் மாதிரி இலக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். உறைகளின் முதுகில் வலயத்துக்கு ஒரு நிறமாக ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்றில் பாதி உரிந்துவிட்டது. 4கே இறுவட்டுகளுக்கு வலயப் பூட்டு இல்லை. அவை இங்கே மிகச் சிலவே உள்ளன.

ஐரோப்பிய டிவிடிகளைப் பற்றி அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்றுண்டு. நான் அங்கிருந்தபோதே ஓர் இளைஞர் உறையில் போட்டிருந்த நேரத்தையும் புத்தகத்தில் வாசித்த நேரத்தையும் ஒப்பிட்டு, "அங்கிள், இது வெட்டின பிரதியோ?" என்று கேட்டார். "வெட்டேல்லைத் தம்பி, ஓட்டம்தான் கொஞ்சம் கூட" என்றார் உரிமையாளர். விளக்கம் எளிது. திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையோ செக்கனுக்கு 25. எனவே படத்தைச் சற்று விரைவாக ஓட்டி இறுவட்டில் பதிகிறார்கள். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் இசையும் ஒரு நூல் உயர்ந்து ஒலிக்கும். பெரும்பாலானோருக்கு அது காதில் படாது. சங்கீதம் பழகியவர்கள் கனடாப் பிரதி இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம்.

வெட்டுப்பட்ட பிரதிகளும் இல்லாமலில்லை. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927இல் வெளியான சில மாதங்களிலேயே குறைக்கப்பட்டு, நீண்ட வடிவம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது; 2008இல் ஆர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்துச் சினிமா அருங்காட்சியகத்தில் அதன் பிரதி ஒன்று கிடைத்ததும், 2010இல் ஏறத்தாழ முழுமையான வடிவம் வெளியானது. கடையில் இரண்டும் உள்ளன. உறைகள் ஒரே மாதிரி இருப்பதால், "இரண்டரை மணித்தியாலத்து" என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கையைக் கொப்பியில்தான் கண்டேன்.

கொப்பியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அகரவரிசையோ சுட்டியோ இல்லை. ஒரு படத்தைப் பற்றிய குறிப்புகள் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். அதிகம் எழுதுகிறவர்கள் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் என்பது ரசனையில் தெரிகிறது: ஜப்பானும் இத்தாலியும் பிரான்ஸும் பக்கம் பக்கமாக வர, லத்தீன் அமெரிக்கா எங்கோ ஓரத்தில் நிற்கிறது. இளையவர்கள் கொரியப் படங்களை எழுதும்போது மட்டும் கொப்பிக்கு உயிர் வருகிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட குறிப்புகள் கணிசமாக இருந்தும், அவற்றை யாரும் தமிழாக்கி வைக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை நம் நாட்டுப் படங்களின் அலுமாரி. இந்தியாவின் சர்வதேசத் திரைப்பட விழாவின் தங்க மயில் விருதை 1965இல் புது டில்லியில் வென்ற லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' இருக்கிறது. ஆனால் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்த 'பொன்மணி' இல்லை. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் தேவைப்படும் படங்களை எழுதிவைக்கும் இடத்தில் அந்தப் பெயர் வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இலங்கைத் தமிழ்ப் படங்கள் கிடைக்காமைக்கு இந்தக் கடையைக் குறை சொல்வது நியாயமாகாது; கொம்பனித்தெருவின் ரியோ படமாளிகை 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த நகரத்தில், தமிழ்ப் படச்சுருள்களைத் தேடிக் காப்பது ஒரு வாடகைக் கடையின் சக்திக்கு அப்பாற்பட்டது. அந்த அலுமாரியில் அந்நியப் படமொன்றை வேண்டுமென்றே செருகி வைத்திருப்பதை மட்டும் ரசித்தேன். டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957), கதைப்படி நடப்பது தாய்லாந்தில், படமாக்கப்பட்டது கித்துல்கலையில். மட்டக்களப்புச் சிறுவன் பாலு மகேந்திரா அந்தப் படப்பிடிப்பைப் பார்த்துத்தான் சினிமாவின் மீது பைத்தியமானார் என்பதை அறிந்த ஒருவர், நான்காவது நிரலில் பாலு மகேந்திரா பின்னாளில் இயக்கிய 'வீடு' படத்தின் பெயரை எழுதியிருக்கிறார். ஆற்றுப்பாலத்திலிருந்து அந்தப் படத்துக்குப் போகும் வழியை எந்தக் கணினியும் சிபாரிசு செய்யாது.

மாதம் ஒரு படம் பார்க்கிறவருக்கு வைப்புப் பணம் கட்டுப்படியாகாது. வாரம் ஒன்று பார்க்கிறவர் தயங்காமல் சேரலாம். கடை பின்னேரம் 4 மணிக்குத் திறந்து 8 மணிக்குப் பூட்டப்படும், போயா தினங்களில் விடுமுறை. சனிக்கிழமை பின்னேரங்களில் பழைய அங்கத்தவர்கள் கூடிவிடுவதால் கொப்பியை ஆறுதலாக வாசிக்க இடம் கிடைக்காது; செவ்வாய், புதனில் போனால் மின்விசிறிக்குக் கீழே உள்ள கதிரையும் கிடைக்கும். இறுவட்டை அங்கேயே வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பையனிடம் பதிவு செய்துவிட்டுப் படியிறங்குங்கள். பிறகு சொன்னால் கணக்கில் ஏறாது.